கெஸ்டால்ட் வழிப் பயிற்சி: எட்டு அமர்வுகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

இருபது ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பைத் தொழிலாகச் செய்துவரும் எனக்குக் கெஸ்டால்ட் என்ற சொல், அதாவது பகுதிகளை நாம் எப்படி ஒரு முழுமையாகக் காண்கிறோம் என்று ஆராய்ந்த உளவியல் மரபின் பெயர், புதிதன்று. தலைப்புக்கும் அதன் கீழ் வரும் பத்திக்கும் இடையே எவ்வளவு வெளி விடுவது, படமும் அதன் விளக்கமும் ஒன்றுக்கொன்று உரியவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி எப்படி அமைப்பது, முழுதாக வரையாமல் விட்ட வட்டத்தைக் கண் ஏன் தானாகவே மூடிக்கொள்கிறது என்பவற்றுக்கெல்லாம் அந்த உளவியல் மரபு சொன்ன விதிகளைத்தான் நாள்தோறும் கையாள்கிறேன். ஆகவே, அதே கோட்பாட்டின் அடிப்படையில் தனிநபர்களுக்கான பயிற்சி, அதாவது இன்று பலரும் கோச்சிங் என்று சொல்வது, அளிக்கப்படுவதாக ஒரு சேவையின் அறிமுகக் குறிப்பில் படித்தபோது, கண்ணுக்கு உரிய விதி வாழ்க்கைக்கு எப்படிப் பொருந்தும் என்ற ஐயமும், பொருந்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆவலும் ஒருசேர எழுந்தன. சேர்ந்தேன், எட்டு அமர்வுகளையும் முடித்தேன். அந்தச் சேவையின் பெயரையும் பயிற்றுநரின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். ஒரு முக்கியமான குறையையும் நான் சொல்லவேண்டியிருப்பது ஒரு காரணம். இதே முறையில் பயிற்சி தருபவர்கள் பலர் இருப்பதால், ஒருவரைவிட முறையைப் பற்றிப் பேசுவதே படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பது இன்னொரு காரணம்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேர அறிமுக உரையாடலுக்குப் பிறகு, இரண்டு வாரங்களுக்கு ஒன்றாக எட்டு அமர்வுகள். ஒவ்வொன்றும் 75 நிமிடங்கள். எல்லாமே காணொளி வழியாக. தொடக்கத்தில் கையெழுத்திட ஓர் ஒப்பந்தம், 42 பக்கப் பயிற்சி நூல் ஒன்று, அமர்வுகளுக்கு இடையில் செய்துபார்க்க ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சோதனை, எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு மீள்சந்திப்பு. உரையாடல்கள் பதிவு செய்யப்பட மாட்டா, நேரத்தை மாற்றுவதானால் 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும், இது உளவியல் சிகிச்சை ஆகாது என்ற மூன்று செய்திகளும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தன. மூன்றாவது செய்திக்குப் பின்னால் திரும்ப வருவேன்.

நான் கொண்டுபோன பிரச்சினை காலதாமதம். ஒப்புக்கொண்ட வேலைகளைச் சொன்ன நாளில் முடிக்க முடியவில்லை. கடைசி மூன்று ஆண்டுகளில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. நல்ல வாடிக்கையாளர் இருவரை இழந்திருந்தேன். நேர மேலாண்மை பற்றி ஏற்கெனவே நிறைய முயன்று பார்த்திருந்தேன், அட்டவணைகள், நினைவூட்டிகள், அதிகாலை எழுதல் என்று. முதல் அமர்வில் இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இத்தனை வாரத்தில் இந்த இலக்கை எட்டவேண்டும் என்று நான் எழுதிவைத்திருந்த தாளை எடுத்தேன். பயிற்றுநர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த இலக்கை அடைவதற்கான திட்டம் எதையும் அன்று பேசவில்லை. மாறாக, தாமதம் ஆகும் நாள் ஒன்று காலையிலிருந்து எப்படிப் போகிறது என்பதை நிகழ்காலத்தில், இப்போது நடப்பதுபோலச் சொல்லச் சொன்னார். "எழுந்தேன்" என்று நான் தொடங்கினால் "எழுகிறேன்" என்று மாற்றிச் சொல்லவைத்தார். அமர்வு முடியும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கட்டணம் செலுத்தியவர் தீர்வை எதிர்பார்ப்பது இயல்புதானே.

அந்த எரிச்சலுக்கான விடை இந்த முறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது என்பது பின்னர்தான் விளங்கியது. மனநல மருத்துவரான ஆர்னால்ட் பைசர் 1970ஆம் ஆண்டு எழுதிய ஒரு குறுங்கட்டுரையில் மாற்றத்தைப் பற்றிய முரண் கோட்பாடு ஒன்றை முன்வைத்தார்: ஒருவர் தான் அல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மாற்றம் நிகழ்வதில்லை, தான் எதுவாக இருக்கிறாரோ அதுவாகவே முழுமையாக இருக்கும்போதுதான் நிகழ்கிறது என்பது அதன் சாரம். இதைப் பயிற்சிக்குக் கொண்டுவரும்போது, பயிற்றுநரின் முதல் வேலை இருப்பதைத் தெளிவாகக் காணவைப்பதே ஆகிறது. தள்ளுவதும் தூண்டுவதும் பிறகுதான். இலக்கு, திட்டம், கண்காணிப்பு என்று போகும் வழக்கமான பயிற்சிகளிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபடுகிறது. விரைவான செயல்திட்டம் வேண்டும் என்பவர்கள் முதல் இரண்டு அமர்வுகளிலேயே விலகிவிடக்கூடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அறிமுக உரையாடலிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் அமர்வில்தான் நான் நன்கு அறிந்த ஒன்றை முற்றிலும் அறியாத இடத்தில் சந்தித்தேன். உருவும் பின்னணியும் என்ற கருத்து அது. டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் எட்கர் ரூபின் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள்: நடுவில் ஒரு பூச்சாடி தெரியும், சற்று நேரம் பார்த்தால் சாடி மறைந்து, எதிரெதிரே நோக்கும் இரண்டு முகங்கள் தெரியும். இரண்டையும் ஒரே கணத்தில் உருவாகக் காண இயலாது என்பது எல்லோரும் சொல்வது. ரூபின் கவனித்த இன்னொரு செய்தியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வடிவமைப்பாளர்களுக்கு அது உயிரான செய்தி. இரண்டு பகுதிகளுக்கும் பொதுவாக ஓடும் அந்த விளிம்புக்கோடு, எது உருவாகத் தெரிகிறதோ அதற்கே உரியதாகிவிடுகிறது. பின்னணிக்கு விளிம்பே இல்லை. அது உருவுக்குப் பின்னால் எல்லையின்றிப் பரந்து கிடப்பதுபோலத் தோன்றும். சாடியைப் பார்க்கும்போது அந்த வளைவு சாடியின் கழுத்து. முகங்களைப் பார்க்கும்போது அதே வளைவு ஒரு மூக்கு.

பயிற்றுநர் நான் முதல் அமர்வில் விவரித்த நாளை எடுத்துக்கொண்டார். அதில் "நான் சோம்பினேன்", "நான் தள்ளிப்போட்டேன்" என்ற பொருளில் பதினான்கு முறை பேசியிருந்ததாகத் தம் குறிப்பைப் பார்த்துச் சொன்னார். பிறகு, அதே நாளை என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், வந்த வேலைகளைப் பற்றி மட்டும் சொல்லமுடியுமா என்று கேட்டார். சொன்னேன். காலை பத்து மணிக்கு மூன்றாம் முறையாக வந்த திருத்தம், அட்டையின் நிறத்தை மீண்டும் பழையபடியே மாற்றச் சொன்ன கடிதம், முதலில் பேசிய 96 பக்கம் 128 பக்கமாக வளர்ந்த ஒரு மலர், இப்படி. சொல்லி முடித்தபோது, என் தாமதம் என்று நான் பெயரிட்டிருந்த கோட்டின் மறுபுறத்தில், எல்லையே இல்லாமல் பரந்துகொண்டிருந்த பிறரது கோரிக்கைகள் உருக்கொண்டு நின்றன. கோடு ஒன்றுதான். அதை யாருடைய விளிம்பாகப் பார்க்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. குற்றத்தை மற்றவர் மேல் போடும் வழி இது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பயிற்றுநரும் அந்தப் பக்கம் என்னைப் போகவிடவில்லை. இரண்டு பார்வைகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கவைத்தார். எந்தப் பார்வை எனக்குத் தானாக வருகிறது, எது முயன்றால்தான் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் அதையே செய்தேன். இந்த ஓர் அமர்வுக்காகவே சேர்ந்திருக்கலாம் என்று இப்போதும் சொல்வேன்.

மூன்றாம் அமர்வை நெருக்கமாகவே விவரிக்க வேண்டும், ஏனென்றால் இந்த முறையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதைப் பொதுவாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த மலரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கூடுதலாக வந்த 32 பக்கங்களுக்கு ஏன் தனிக் கட்டணம் கேட்கவில்லை, ஏன் நாள் நீட்டிப்புக்கூடக் கேட்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது பயிற்றுநர் இடைமறித்து, "உங்கள் வலது கை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்றார். குனிந்து பார்த்தேன். உள்ளங்கை மேசையின் விளிம்பில் பதிந்து, அதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. விளிம்பின் கோடு உள்ளங்கையில் சிவப்பாக அச்சாகியிருந்தது. எவ்வளவு நேரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. எடுத்துவிட முயன்றேன். "எடுக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் வலுவாகத் தள்ளிப் பாருங்கள்" என்றார். தள்ளினேன். "அந்தக் கைக்குப் பேச வந்தால் என்ன சொல்லும்?" என்று கேட்டார். யோசிக்க இடமே இல்லாமல் வாயில் வந்த சொல் "போதும்" என்பது. அந்தச் சொல்லைத் தொழிலில் எந்த வாடிக்கையாளரிடமும் எந்த வடிவத்திலும் நான் சொன்னதில்லை என்பதை அதன் பிறகு வந்த மௌனத்தில்தான் உணர்ந்தேன்.

இதை அவர் எந்தக் கலைச்சொல்லாலும் அன்று அழைக்கவில்லை. வெளியே ஒருவரை நோக்கிச் செல்லவேண்டிய செயல் தடைப்பட்டு, தன்மீதே திரும்பி, உடலில் இறுக்கமாகத் தங்கிவிடுவதைப் பற்றிக் கெஸ்டால்ட் சிகிச்சை மரபு விரிவாகப் பேசுகிறது என்பதைப் பின்னர் நானே படித்து அறிந்தேன். அன்று அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் நான் பெயரைப் பிடித்துக்கொண்டு கையை விட்டிருப்பேன். சொல்லாமல் விட்டது அவருடைய தேர்ச்சி. அந்த வாரத்துக்கான சோதனையும் அளவாக இருந்தது: பெரிய வாடிக்கையாளர் எவரிடமும் போகவேண்டியதில்லை, ஏதேனும் ஒரு சிறிய இடத்தில், ஒரே ஒரு முறை, "இது போதும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு உடலில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கவனிக்கவேண்டும். வெற்றி தோல்வி என்ற பேச்சே இல்லை. தொலைபேசியில் நீண்டுகொண்டே போன ஓர் உரையாடலில் அதைச் சொன்னேன். காது சூடானது, எதிர்முனையில் இருந்தவர் சாதாரணமாக "சரிங்க, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

நான்காம் அமர்வில் அவர் ஓர் உவமையைக் கையாண்டார். அது உவமை மட்டுமன்று, இந்த மரபின் தொடக்கப் புள்ளியும் ஆகும். 1890ஆம் ஆண்டு மெய்யியலாளர் கிறிஸ்டியன் ஃபான் எரென்ஃபெல்ஸ் எழுப்பிய கேள்வி அது: ஒரு மெட்டைச் சுருதி மாற்றிப் பாடும்போது ஒலிக்கும் ஒலிகள் எல்லாமே மாறிவிடுகின்றன, ஆனாலும் அது அதே மெட்டு என்று கேட்பவர் உடனே அறிந்துகொள்கிறார், அப்படியானால் மெட்டு என்பது தனித்தனி ஒலிகளில் இல்லை, அவற்றுக்கிடையே உள்ள உறவில் இருக்கிறது. மலர்க்குழு, பாடநூல் பதிப்பாளர், என் உடன்பிறந்தவர், பழைய கூட்டாளி என்று ஆள் மாறி ஆள் நான் சொன்ன நான்கு நிகழ்ச்சிகளைக் கேட்டுவிட்டு, "சுருதிதான் மாறுகிறது, மெட்டு மாறுகிறதா?" என்று கேட்டார். மாறவில்லை. முதலில் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வேன், நடுவில் அளவு பெருகும், பேசமாட்டேன், வேலையைத் தாமதப்படுத்துவதன் மூலம் பேசுவேன். என் தாமதம் ஒரு மொழியாகவே இருந்திருக்கிறது என்று கண்டது அந்த அமர்வில்தான். அட்டவணை போட்டு இதைச் சரிசெய்ய முயன்ற ஆண்டுகளை நினைத்தபோது வருத்தமாக இருந்தது.

பாதியில் நின்றவற்றைப் பட்டியலிடும் பயிற்சியும் இதே அமர்வில் வந்தது. உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவியான புளூமா ஸைகார்னிக் பெர்லினில் செய்து 1927இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு ஆதாரமாகப் பயிற்சி நூல் காட்டுகிறது. கலந்துகொண்டவர்களுக்கு ஏறத்தாழ இருபது சிறு வேலைகள் கொடுத்து, பாதி வேலைகளை இடையிலேயே நிறுத்திவிட்டு, பின்னர் எவையெவை நினைவிருக்கின்றன என்று கேட்டபோது, முடித்த வேலைகளைவிட முடிக்காத வேலைகளே ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவுக்கு வந்தன என்பது அவர் கண்டது. இது உண்மை. ஆனால் பின்னால் இதைத் திரும்பச் செய்துபார்த்தவர்களுக்கு எப்போதும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. பயிற்சி நூல் அதைச் சொல்லவில்லை. அதே குழுவைச் சேர்ந்த மரியா ஒவ்சியான்கினா 1928இல் காட்டியது, இடையில் நிறுத்தப்பட்ட வேலையை யாரும் சொல்லாமலே மனிதர்கள் மீண்டும் எடுத்துத் தொடர முனைகிறார்கள் என்பது. இதற்கான சான்று இன்னும் உறுதியாக நிற்கிறது. பயிற்சிக்கு வேண்டியதும் உண்மையில் இதுவே. என் பட்டியலில் 23 உருப்படிகள் இருந்தன. அவற்றில் ஆறு, எடுத்த அன்றே முடிந்துவிட்டன. ஒன்றை முடிக்க எனக்கு விருப்பமே இல்லை என்று தெரிந்து அடித்துவிட்டேன். ஒன்று மட்டும், பழைய கூட்டாளியோடு பேசாமல் விட்ட கடைசிப் பேச்சு, பட்டியலில் அப்படியே கிடந்தது.

ஐந்தாம் அமர்வில் நான் குறையாகக் கருதுவது நிகழ்ந்தது. நானும் அந்தக் கூட்டாளியும் ஒன்பது ஆண்டுகள் சேர்ந்து தொழில் நடத்திப் பிரிந்தவர்கள். பிரிவு நல்லபடியாக முடியவில்லை. அமர்வின் பிற்பகுதியில், பயிற்றுநர் என் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் கூட்டாளி அமர்ந்திருப்பதாக எண்ணி நேரடியாகப் பேசச் சொன்னார். வெற்று நாற்காலி என்று அறியப்படும் இந்த உத்தி, ஃபிரிட்ஸ் பேர்ல்ஸ் பரவலாக்கிய கெஸ்டால்ட் சிகிச்சை முறையோடு சேர்ந்தது, வலுவானது. பேசத் தொடங்கினேன். ஓரிரு நிமிடங்களில் என் குரல் உடைந்தது. பிறகு நான் பேசியது கூட்டாளியிடமா, எப்போதோ இறந்துபோன வேறொருவரிடமா என்று எனக்கே தெரியாத நிலைக்குப் போய்விட்டேன். அதைத் தாங்கி முடிக்க அமர்வில் பன்னிரண்டு நிமிடங்களே மீதம் இருந்தன. பயிற்றுநர் அன்பாகவே நடந்துகொண்டார், மூச்சைக் கவனிக்கவைத்தார், அறையில் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்க்கவைத்தார். ஆனாலும் திரையை மூடிய பின் அன்று மாலைவரை என்னால் வேலையில் உட்கார முடியவில்லை. காணொளிச் சந்திப்பில் மறுமுனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டித்ததும் நாம் தனியறையில் தனியே இருக்கிறோம் என்பதைப் பயிற்றுநர்கள் மறக்கக் கூடாது.

இது சிகிச்சை ஆகாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒரு சேவை, சிகிச்சையில் பிறந்த உத்தியைக் கையில் எடுக்கும்போது, அதற்கு முன்பே அது என்ன செய்யக்கூடும் என்று விளக்கி, தனியாக இசைவு பெற்று, போதிய நேரம் இருக்கும்போது மட்டுமே தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த அமர்வின் தொடக்கத்தில் இதை நேரே சொன்னேன். அவர் தற்காத்துக்கொள்ளவில்லை, நேரத்தைத் தவறாகக் கணித்ததும் முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்கியதும் தம் பிழை என்று ஒப்புக்கொண்டார், அதற்கு மேல் அந்தத் துயரத்தைத் தொடர்வதானால் தகுதிபெற்ற உளவியல் ஆலோசகரிடம் போவது நல்லது என்று தெளிவாகச் சொல்லி, அந்த எல்லைக்குள்ளேயே மீதி அமர்வுகளை நடத்தினார். "போதும்" என்பதை நான் முதன்முதலாக முழுமையாகச் சொன்னது அவரிடம்தான் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இருந்தாலும் பிழை பிழைதான். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள், மனச்சோர்வுக்கு மருத்துவம் பெறுபவர்கள், பழைய வன்கொடுமையின் நினைவைச் சுமப்பவர்கள் இத்தகைய பயிற்சியில் சேருமுன், இந்த உத்தியைப் பயன்படுத்துவீர்களா, எப்போது, எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தயங்கினால் பயிற்சியை விட்டுவிட்டுச் சிகிச்சையாளரிடமே செல்லவேண்டும். இந்தத் தொழிலில் யார் வேண்டுமானாலும் தம்மைப் பயிற்றுநர் என்று சொல்லிக்கொள்ள முடிகிற நிலையில், இந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு சேர்பவரிடமே வந்து நிற்கிறது.

பயிற்சி நூலைப் பற்றி எனக்கு வேறுவிதமான மனக்குறை உண்டு. அதில் பன்னிரண்டு பக்கங்கள் புலன்காட்சி விதிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு விதியும் ஓர் அறிவுரையாக மாற்றப்பட்டிருக்கிறது. அண்மை விதி என்றால் நல்லவர்களின் அருகில் இருங்கள். ஒப்புமை விதி என்றால் உங்களைப் போன்ற கனவு உள்ளவர்களோடு சேருங்கள். தொடர்ச்சி விதி என்றால் விடாமுயற்சி. கெஸ்டால்ட் உளவியலைத் தொடங்கிவைத்த மேக்ஸ் வெர்தைமர் 1923ஆம் ஆண்டுக் கட்டுரையில் புள்ளிகளையும் கோடுகளையும் வரைந்து காட்டியது, அருகருகே இருப்பவை ஒரு கூட்டமாகத் தெரிகின்றன, ஒத்த தோற்றம் உள்ளவை ஒன்றாகத் தெரிகின்றன என்பதைத்தான். பார்வை எப்படித் தன்னை ஒழுங்கு செய்துகொள்கிறது என்பது பற்றிய கண்டுபிடிப்பு அது. யாரோடு பழகுவது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நல்லாரோடு இணங்கியிருக்கச் சொல்ல நம்மிடம் மூதுரை இருக்கிறது. அதற்கு வெர்தைமரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அந்த விதிகளைக் கையாள்பவர் என்ற முறையில், அவற்றை இப்படி இழுத்து நீட்டுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வலித்தது, ஏனென்றால் நீட்டும்போது அவற்றின் கூர்மை போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை நூலின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: பகுதிகளின் கூட்டுத்தொகையைவிட முழுமை பெரியது என்ற வாசகம், அந்த உளவியலின் முன்னோடிகளுள் ஒருவரான குர்ட் கோஃப்காவின் பெயரோடு. கோஃப்கா 1935இல் வெளியான தம் நூலில் இதையே திருத்தியிருக்கிறார். பெரியது என்று சொல்வதைவிட வேறானது என்று சொல்வதே சரி, ஏனென்றால் கூட்டிப் பார்ப்பது இங்கே பொருளற்ற செயல், பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவுதான் பொருளுடையது என்பது அவர் கருத்து. ஒரு சொல் வேறுபாடுதானே என்று தோன்றலாம். பயிற்சியைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியது என்றால் உங்களுக்குள் இன்னும் அதிகம் இருக்கிறது, வெளியே கொண்டுவருகிறோம் என்ற வாக்குறுதியாக அது மாறிவிடும். வேறானது என்றால், அதே பகுதிகள், அதே வேலைகள், அதே மனிதர்கள், அவற்றுக்கிடையே உள்ள உறவு மாறினால் முழுமையே வேறாகத் தெரியும் என்று பொருள். எனக்கு இரண்டாம் அமர்வில் நடந்தது இதுதான். பயிற்றுநர் கோஃப்காவின் கருத்துப்படி நடக்கிறார், அவர் கொடுக்கும் நூல் அதற்கு மாறாகப் பேசுகிறது.

இன்னொன்றையும் நூல் மறைக்கிறது, அல்லது அதை எழுதியவருக்குத் தெரியவில்லை. கெஸ்டால்ட் உளவியலும் கெஸ்டால்ட் சிகிச்சையும் ஒன்றல்ல. முன்னது 1912இல் தோற்ற இயக்கம், அதாவது அசையாதவை அடுத்தடுத்துத் தோன்றும்போது அசைவதாகத் தெரிவது, பற்றி வெர்தைமர் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கியது. இன்னொரு முன்னோடியான வோல்ஃப்காங் கோஹ்லரும் கோஃப்காவும் அந்த ஆய்வில் பார்த்துச் சொல்லும் சோதனையாளர்களாகக் கலந்துகொண்டவர்கள். பின்னது, பேர்ல்ஸ், ஹெஃபர்லைன், குட்மன் ஆகிய மூவர் 1951இல் வெளியிட்ட நூலின் வழியாக உருப்பெற்ற சிகிச்சை முறை. ஃபிரிட்ஸின் மனைவி லாரா பேர்ல்ஸின் பங்கும் அதில் பெரிது. கோஹ்லரின் கட்டுரைகளைத் தொகுத்த மேரி ஹென்லே 1975இல் ஆற்றிய உரையில் இரண்டுக்கும் பெயரைத் தவிரப் பொதுவானது ஏதும் இல்லை என்ற அளவுக்கே போனார். என் அனுபவத்தில் அவ்வளவு கடுமையாகச் சொல்லத் தோன்றவில்லை. உருவும் பின்னணியும், பாதியில் நின்ற செயலின் இழுப்பு ஆகிய இரண்டும் ஆய்வுக்கூடத்திலிருந்து அமர்வறைவரை உயிரோடு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் மேசையைத் தள்ளிய கைக்கும் வெற்று நாற்காலிக்கும் ஆய்வுக்கூடத்தின் சான்றைக் காட்டுவது நேர்மையாகாது. சேவையின் அறிமுகக் குறிப்பு "நூறாண்டு கால ஆய்வு" என்ற ஒரே சொற்றொடரில் இரண்டையும் கலந்துவிடுகிறது.

ஆறு முதல் எட்டு வரையான அமர்வுகள் அமைதியாகப் போயின. அவற்றில் எனக்குப் பிடித்தது, கேட்டால்கூட அறிவுரை சொல்லாத அந்தப் பிடிவாதம். திருத்தங்களுக்கு வரம்பு வைக்கும் ஒரு பத்தியை என் ஒப்பந்தப் படிவத்தில் சேர்க்கவேண்டும் என்பது மூன்றாம் அமர்விலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்; எனக்கு அது ஏழாம் அமர்வுக்கு இரண்டு நாள் முன்பு, வேறொரு படிவத்தில் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தபோது, திடீரென்று தோன்றியது. கோஹ்லர் டெனரீஃப் தீவில் ஆராய்ந்த சுல்தான் என்ற சிம்பன்சி, எட்டாத பழத்துக்காக வெகுநேரம் முயன்று, விட்டுவிட்டு, பிறகு இரண்டு மூங்கில் கோல்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றை மற்றொன்றில் செருகிக் கண்டது. பயிற்றுநர் அந்தப் பத்தியை எனக்கு எழுதிக் கொடுத்திருந்தால் நான் அதை யாரிடமும் காட்டியிருக்க மாட்டேன். நானே எழுதியதால் எல்லோரிடமும் காட்டுகிறேன்: இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம், பக்கம் கூடினால் நாளும் கூடும்.

மூன்று மாத மீள்சந்திப்பின்போது என் கையில் இருந்த கணக்கு இது: அந்தக் காலத்தில் எடுத்த பதினொரு வேலைகளில் ஒன்பது சொன்ன நாளில் முடிந்தன. ஒரு வாடிக்கையாளர் புதிய நிபந்தனையை ஏற்காமல் விலகினார். கூட்டாளியோடு பேசவில்லை, அதற்காக ஓர் உளவியல் ஆலோசகரைத் தனியே பார்த்துவருகிறேன். இலக்கு தெளிவாக இருந்து வழி மட்டும் வேண்டுபவர்களுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு இது நீளமாகவும் சுற்றுவழியாகவும் தோன்றும். எல்லா வழியும் முயன்றும் ஒரே இடத்துக்கே திரும்பி வருபவர்களுக்கு, வெற்று நாற்காலி பற்றி மேலே சொன்ன கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டு சேரும்படி மனமாரச் சொல்வேன். நூலைப் படிக்காவிட்டாலும் இழப்பில்லை.

நூலில் நான் கண்ட பிழைகளைப் பக்க எண்ணோடு குறித்து அவர்களுக்கு எழுதினேன். வடிவமைப்பில் அண்மை விதியே மீறப்பட்டிருந்த நான்கு இடங்களையும், தலைப்புகள் தத்தம் பத்தியைவிட மேலே உள்ள பத்திக்கு நெருக்கமாக நின்றதையும், சேர்த்தே குறித்தேன். கோஃப்காவின் வாசகத்தை அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும், வெற்று நாற்காலிக்கு முன்பு தனி இசைவு பெறும் வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டதாகவும் பதில் வந்தது. அறிமுகக் குறிப்பில் உள்ள "நூறாண்டு கால ஆய்வு" இன்றுவரை மாறவில்லை.